என் பெயரில் ஒரு பார் லைசென்ஸ்

என் பெயரை முதன்முதலாகப் பெயிண்டில் எழுதிப் பலகையாக மாட்டியது ஒரு பாரின் வாசலுக்கு மேலே. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, இங்கிலீஷிலும் கன்னடத்திலும். அந்நிய மது வகைகளைச் சில்லறையில் விற்க உரிமம் பெற்றவர் இன்னார் என்று அது ஊருக்குச் சொன்னது. அந்த இன்னார் அதுவரை பீரைக் கண்ணால் பார்த்திருந்தாரே தவிர வாயில் வைத்தவர் இல்லை. இருந்தும் பலகை மாட்டிய அன்று சாயங்காலம் எதிர்ப் பிளாட்பாரத்தில் போய் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் யாராவது படிக்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் படிக்கவில்லை. ஒரு ஜட்கா வண்டிக்காரர் மட்டும் வண்டியை நிறுத்தி, "எங்க போவணும் சாமி?" என்று கேட்டார்.

அப்போது நான் பெங்களூர்க் கண்டோன்மென்டில் இங்கிலீஷ் படம் ஓட்டுகிற ஒரு தியேட்டரில் மேனேஜர். ஒக்கலிபுரத்திலிருந்து தினமும் சைக்கிளில் போவேன். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங்கும் இருந்ததால் டிக்கெட் கிளார்க்காகச் சேர்ந்து, எனக்கு மேலே இருந்த ஆங்கிலோ இந்தியர்கள் ஒவ்வொருவராக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறியதால் மேனேஜர் ஆனேன். திறமையால் ஆனேன் என்றுதான் அந்தக் காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜருக்கு டை உண்டு. எனக்கு அதைக் கட்டத் தெரியாது. பாரில் இருந்த பட்லர் ஒருமுறை கட்டிக்கொடுத்த முடிச்சை அவிழ்க்காமல், தலை வழியாகக் கழற்றித் தலை வழியாக மாட்டிக்கொண்டு பல மாதம் ஓட்டினேன்.

அந்த பார் தியேட்டருக்கு உள்ளேயே, டிக்கெட் கிழிக்கிற இடத்தைத் தாண்டியதும் வலது பக்கம் இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இருந்த காலத்தில் திறந்தது. அவர்கள் போன பிறகும் அது போகவில்லை. இன்டர்வெல் விட்டதும் ஆண்கள் அதற்குள் போவார்கள். பெண்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். விளக்கு அணைந்ததும் எல்லோரும் மறுபடியும் ஜோடியாக உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். பட்லர் விவேக் நகர்க்காரர், ஏதோ ஒரு ரெஜிமென்டின் மெஸ்ஸில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். யாரையும் "தொரை" என்றுதான் கூப்பிடுவார், என்னைத் தவிர. என்னை "தம்பி சார்" என்பார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மெட்ராஸ் ராஜ்யத்தில் முழு மதுவிலக்கு. எங்கள் மைசூர் ராஜ்யத்தில் சில ஜில்லாக்களில் மூடினார்கள், பெங்களூரில் மூடவில்லை. மூடாததற்குப் பரிகாரம் மாதிரி விதிமேல் விதியாகப் போட்டார்கள். இனிமேல் புது லைசென்ஸ் கிடையாது. ஒருவருக்கு ஒரு லைசென்ஸுக்கு மேல் கிடையாது. சினிமா தியேட்டருக்குள் பார் கூடாது. ஏற்கெனவே இருக்கிற பாரை வேண்டுமானால் ரெஸ்டாரண்டாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்குத் தெருப் பக்கம் தனி வாசல் இருக்க வேண்டும், சாப்பாடு போட வேண்டும், தியேட்டருக்கும் அதற்கும் எந்தவிதத் தொடர்பும் இருக்கக் கூடாது.

எங்கள் முதலாளிக்கு வேறிடத்தில் ஒரு ஹோட்டல் இருந்தது. அதற்கு அவர் பெயரில் ஏற்கெனவே லைசென்ஸ். அதனால் தியேட்டர் பாரின் லைசென்ஸை வேறு யார் பெயருக்காவது மாற்றியாக வேண்டும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு ஏதாவது பழக்கம் இருக்காய்யா?"

"வெத்தில கூடப் போட மாட்டேன் சார்."

"போலீஸ் கேஸு, அடிதடி?"

"ஐயோ, இல்லீங்க."

"பார்ட்டி, மீட்டிங்கு, கொடி?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப பார் லைசென்ஸ உன் பேருக்கு மாத்திடலாம். உன்ன மாதிரி ஒண்ணுமே இல்லாத ஆளுதான் கவர்மென்டுக்கு வேணும்."

இதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மதுவரி பார்க்கிற எக்சைஸ் ஆபீசுக்கு நேரில் வரச் சொன்னார்கள். அங்கே இருந்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீவு குடீத்தீரா? குடிப்பீங்களா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் மாதிரி நிமிர்ந்து, "தொட்டதே இல்லை சார்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப பாட்டில்ல தண்ணி கலந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் விழித்த விழிப்பு அவருக்குப் பிடித்துவிட்டதோ என்னவோ, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. அவள் குடியாத்தத்துப் பெண். அவளுடைய அப்பா அங்கே கதர்க்கடை வைத்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க அப்பா கள்ளுக்கடை மறியல் பண்ணி ஜெயிலுக்குப் போனவரு. ஞாபகம் இருக்கில்ல?" என்றாள்.

"அது கள்ளு. இது ஃபாரின்" என்றேன்.

"ஓ, அப்பச் சரி."

அந்தச் "சரி"யில் ஒரு சரியும் இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

கொத்தனார் வந்தார். பாருக்கும் தியேட்டருக்கும் நடுவில் இருந்த கதவைப் பிடுங்கிவிட்டுச் சுவர் எழுப்பினார். தெருப் பக்கம் புது வாசல் வைத்தார். அதன்மேல் என் பெயர் ஏறியது. பட்லர் கட்லெட் போட ஆரம்பித்தார், ரெஸ்டாரண்ட் ஆகிவிட்டது. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் இன்டர்வெல் விட்டதும் ஜனங்கள் தியேட்டரின் முன்வாசல் வழியாக வெளியே வந்து, மூலையைச் சுற்றி நடந்து, என் பெயருக்குக் கீழே நுழைந்து, குடித்துவிட்டு, அதே வழியில் திரும்பி வரவேண்டியிருந்தது. மழை நாளில் நனைந்துகொண்டு வருவார்கள். வெயில் நாளில் பாரிலிருந்து திரும்பியே வர மாட்டார்கள். படம் மறுபடி தொடங்கியது அவர்களுக்குத் தெரியாது. சுவர் வழியாகத் துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகுதான், "அடடா, ஆரம்பிச்சுட்டானா?" என்று எழுந்து ஓடுவார்கள். இருட்டில் வந்து அடுத்தவர் காலை மிதிப்பார்கள். சிலர் தம் சம்சாரத்துக்குப் பக்கத்தில் என்று நினைத்து வேறொருவர் சம்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட, அந்தப் பஞ்சாயத்தும் என்னிடம்தான் வந்தது.

முதலாளி, இன்டர்வெல்லை நீட்டு என்றார். விளம்பர ஸ்லைடுகளைப் போட்டதையே போட்டேன். ஒரு பல்பொடி விளம்பரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியதில், பெஞ்சு டிக்கெட் ஆட்கள் அதை ஒரே குரலில் கூடவே படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாற்காலியில் காத்திருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பால்கனிப் பக்கம் போவதையே விட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மணி. ஆபரேட்டர் ரூமில் ஒரு ஸ்விட்ச், பாரில் ஒரு எலெக்ட்ரிக் பெல். படம் போடுவதற்கு முன்னால் ஆபரேட்டர் அமுக்குவார், அங்கே அடிக்கும், எல்லோரும் கிளாஸைக் காலி செய்துவிட்டு வந்து சேருவார்கள். சுவரில் ஒரு சின்ன ஓட்டை போட்டு ஒயரை இழுத்தால் போதும். என் வாழ்க்கையில் நானாக யோசித்துச் செய்த முதல் காரியம் அது. எலெக்ட்ரீஷியன் அதை மாட்டி முடித்ததும் நானே அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். பட்லர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "தம்பி சார், இது சர்ச் மணியவிடப் பெருசா கேக்குது" என்றார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மணி அபாரமாக வேலை செய்தது. ஜனங்கள் நேரத்துக்கு வந்தார்கள். இன்டர்வெல் பழைய அளவுக்குத் திரும்பியது. முதலாளி என் தோளைத் தட்டினார். அந்தச் சமயம் பார்த்துக் குடியாத்தத்திலிருந்து மாமனார், மகள் குடித்தனம் செய்வதைப் பார்க்க வந்து சேர்ந்தார்.

ஒல்லியான மனிதர். கதர் வேட்டி, கதர் ஜிப்பா, தோளில் கதர்த் துண்டு. வந்த மறுநாளே, "மாப்பிள்ளே, நீங்க வேலை செய்யற தியேட்டரப் பாக்கணுமே" என்றார். என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே, "போய்ட்டு வாங்கப்பா. அவரு பேரு கூடப் போட்டிருக்கு" என்றாள். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

நான் போர்த் திட்டம் போடுகிற தளபதி மாதிரி திட்டம் போட்டேன். மாட்னிக்குக் கூட்டிப் போவது. ஜட்காவைத் தெருவின் மறுகோடி வழியாக விடச் சொல்லி, பார் வாசல் கண்ணில் படாமல் முன்வாசலில் இறக்குவது. இன்டர்வெல்லில் நாற்காலியைவிட்டு எழ விடாமல் லெமன் சோடா வரவழைத்துக் கொடுப்பது. எல்லாம் சொன்னபடி நடந்தது. மாமனார் சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் என் மணி அடித்தது.

"அது என்ன மணி மாப்பிள்ளே?"

"படம் ஆரம்பிக்கப் போவுதுன்னு அடிக்கிறாங்க மாமா."

"படம் இங்கதானே ஓடுது? மணி ஏன் அங்க அடிக்குது?"

நான் பதில் தேடுவதற்குள் கேட் கீப்பர் குனிந்து என் காதில், "சார், எக்சைஸ் இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு. பார்ல நிக்கறாரு" என்றார். காதில் சொன்னதாகத்தான் அவருக்கு நினைப்பு. முன் வரிசையில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "நீங்க படம் பாருங்க மாமா, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் பாரின் நடுவில் நின்று, கழுத்தை அண்ணாந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தும் எழுந்து போக மனம் வராத நாலைந்து பேர் கட்லெட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்ரீ இது? என்ன இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பெல் சார்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒயர் யாவ கடெ ஹோகுத்தெ? எந்தப் பக்கம் போகுது?"

"சுவத்துக்குள்ள போகுது சார்."

"சுவத்துக்கு அந்தக் கடெ என்ன இருக்கு?"

"தியேட்டர் சார்."

அவர் பையிலிருந்து அரசாங்க உத்தரவின் நகலை எடுத்து நீட்டினார். எந்தவிதத் தொடர்பும் கூடாது என்ற இடத்தை இங்கிலீஷில் படித்துக் காட்டினார். எனக்கு இங்கிலீஷில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு என்று நினைப்பு. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சார், தொடர்புன்னா ஆள் போற வழி. கதவு, ஜன்னல், பாதை. இந்த ஓட்டையில எறும்புதான் போகும்" என்றேன்.

"ஆள் போகல்ல. சரி. சேதி போகுதா இல்லியா?"

"சேதி போகுது சார்."

"ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்குச் சேதி போனா, இங்கிலீஷ்ல அதுக்கு ஏனு ஹேளுதாரெ? என்ன சொல்லுவாங்க?"

"கம்யூனிகேஷன்" என்றேன், வகுப்பில் முதல் பையன் மாதிரி. சொல்லி முடித்த பிறகுதான், உத்தரவில் இருந்த இங்கிலீஷ் வார்த்தையும் அதுவே என்று உறைத்தது.

பட்லர் ஒரு கிளாஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த கிளாஸ்.

இன்ஸ்பெக்டர் மகஜர் எழுத உட்கார்ந்தார். நடந்ததை எழுதி, மரியாதைப்பட்ட இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கவேண்டும். கட்லெட் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் அதற்குள் ஒருவர் பின் ஒருவராக நழுவிவிட்டார்கள். பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் ஒருவர் அகப்பட்டார். இன்னொரு ஆள் வேண்டும். இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் பெயர்ப் பலகைக்குக் கீழே, அதை அண்ணாந்து பார்த்தபடி, கதர் ஜிப்பாவோடு என் மாமனார் நின்றுகொண்டிருந்தார். படம் புரியாமல் என்னைத் தேடி வந்திருக்கிறார்.

"பேரு உங்களுதா மாப்பிள்ளே?"

"ஆமா மாமா."

"எழுத்து நல்லாருக்கு" என்றார்.

கோபத்தில் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டருக்கோ அவரைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அந்த அறையில் அதைவிட மரியாதைப்பட்ட உருவம் அதுவரை நுழைந்ததில்லை. "பன்னி பன்னி, வாங்க பெரியவரே. இங்க மணி அடிச்சுதே, நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எங்கருந்து கேட்டீங்க?"

"தியேட்டருக்குள்ளருந்து."

"ஒரு கையெழுத்து ஹாக்கி. போடுங்க."

எனக்கு மூச்சு வந்தது. "சார், இவரு என் மாமனாரு. சொந்தக்காரங்க சாட்சி செல்லாது" என்றேன். இன்ஸ்பெக்டர் தயங்கினார். "ஹௌதா? அப்படியா? அப்ப பெரியவரே, நீங்க மருமகனுக்கு எதிரா சொல்ல மாட்டீங்களே" என்றார்.

மாமனாருக்குச் சுருக்கென்றது. அன்று முழுவதும் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். "ஏன் சொல்ல மாட்டேன்? மணி அடிச்சுது. நான் கேட்டேன். கேட்டத கேக்கலன்னு சொல்றதுக்கா நாங்க ஜெயிலுக்குப் போனோம்?"

இன்ஸ்பெக்டர் எழுதியதை அவருக்காகத் தமிழில் சொல்லிக் காட்டினார். மணி லேசாக ஒலித்தது என்று ஒரு வரி இருந்தது. மாமனார் குறுக்கிட்டு, "லேசா இல்லீங்க. நல்லா கணீர்னு அடிச்சுது" என்றார். திருத்தி எழுதினார்கள். பிறகு மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஜட்காவில் திரும்பி வரும்போது எனக்கு நிஜமாகவே வலித்தது. பெண்ணைக் கொடுத்தவர், என் வேலைக்கே உலை வைத்துவிட்டாரே என்று நெஞ்சு கொதித்தது. வீட்டில் என் மனைவி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"சொந்த மாப்பிள்ளை மேலயே சாட்சிக் கையெழுத்தாப்பா?"

"பின்ன, பொய் சொல்லச் சொல்றியாம்மா?" என்றார் அவர். அதில் கோபம் இல்லை. ஒரு குழந்தை சந்தேகம் கேட்பது மாதிரி கேட்டார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அழுகிறாள், எனக்காக அழ ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று பின்னாலேயே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி சாப்பிடுவதில்லை என்று தீர்மானம் செய்தேன். கத்தரிக்காய்க் காரக்குழம்பு வாசனையில் தீர்மானம் நிற்கவில்லை. மாமனார் எனக்கு எதிரில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாப்பிள்ளே" என்று உபசாரம் செய்தார். போட்டுக்கொண்டேன்.

எக்சைஸ் ஆபீசில் விசாரணைக்குப் போகும்போது, தொடர்பு என்ற சொல்லுக்கு அகராதியில் இருந்த அர்த்தங்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மேலதிகாரி நான் முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "உங்க இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது" என்றார் இங்கிலீஷில். பிறகு லைசென்ஸை ரத்து செய்தார். நகரத்தில் லைசென்ஸ்களின் எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது என்று அவர்கள் வழி தேடிக்கொண்டிருந்த சமயம் அது. நான் ஒயர் இழுத்து வழி காட்டியிருக்கிறேன்.

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார் என்று பயந்துகொண்டே அவர் முன்னால் நின்றேன். "ஒண்ணுமே இல்லாத ஆளுன்னு நெனச்சுதான்யா உன்னப் போட்டேன். உள்ள மூளை இருக்குன்னு தெரியாமப் போச்சு" என்றார். அவ்வளவுதான். பெயர்ப் பலகையைப் பெயிண்டர் வந்து கழற்றிக்கொண்டு போனார். அந்த அறை ஐஸ்கிரீம் பார்லர் ஆனது. பட்லர் அங்கேயே இருந்தார். குடிக்கிறவர்கள் தொட்டுக்கூடப் பார்க்காத அவருடைய கட்லெட்டைத் தின்ன, சிவாஜிநகரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மது போன பிறகுதான் அது உண்மையிலேயே ரெஸ்டாரண்ட் ஆயிற்று. எனக்குத்தான் அதில் ஒரு பங்கும் இல்லை.

குடியாத்தத்தில் என் புகழ் வேறு விதமாகப் பரவியிருந்தது. அடுத்த முறை ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். மாமனார் கதர்க்கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். "வருஷக்கணக்கா மறியல் பண்ணோம், அடி வாங்கினோம், ஒரு கடையக் கூட எங்களால மூட முடியல. பெங்களூர்ல எங்க மாப்பிள்ளை கடைய ஒரே கையெழுத்துல மூடிட்டேன்." அதை அவர் என் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் சேர்ந்து செய்த தேசத்தொண்டு மாதிரி சொன்னார். பந்தியில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அடக்கமாகத் தலையை அசைத்தேன். வேறு என்ன செய்ய?

அதன் பிறகு ஒவ்வொரு கோடைக்கும் மாமனார் பெங்களூருக்கு வர ஆரம்பித்தார். வந்ததும் முதல் கேள்வி, "என்ன படம் ஓடுது மாப்பிள்ளே?" இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் குதிரையும் துப்பாக்கியும் வருகிற படம் என்றால் விட மாட்டார். ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு ஆள் குதிரையைவிட்டு இறங்கி, ஆடுகிற அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மதுக்கடைக்குள் போனான். உள்ளே பியானோ, சீட்டாட்டம், வரிசையாகப் பாட்டில்கள். மாமனார் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"இது யாரு பேர்ல இருக்கு மாப்பிள்ளே?"

"தெரியலீங்க மாமா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து படம் பார்த்தார்.